அப்பா விற்ற ஆர்.எக்ஸ்.ஸெட்

‘விற்றுவிட்டு இன்னும் வருந்தும் மோட்டார் எது?’ என்று வானொலியில் கேட்டேன். அழைத்தவர்கள் பலரும் சொன்ன பெயர் ஒன்றே: யமஹா ஆர்.எக்ஸ்.ஸெட்.

மலேசியாவில் 1985 முதல் 2011 வரை தயாரான 133 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. தாமான் முனையில் திரும்பும்போதே, சத்தத்தை வைத்து யார் வருகிறார் என்று சொல்லிவிடலாம். தயாரிப்பு நின்றபின் விலை ஏறியது. நல்ல நிலையில் உள்ள வண்டி இன்று, அன்றைய கடை விலையைவிடப் பல மடங்கு. விற்றவர்கள் திரும்ப வாங்க முடியாமல் தவிப்பது அதனால்தான்.

எங்கள் வண்டியை அப்பா என் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்றார். அன்றிரவு அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

“வருத்தமெல்லாம் இல்லய்யா” என்றார்.

சற்று நேரம் கழித்து, நான் கேட்காமலேயே அதன் பதிவு எண்ணைச் சொன்னார்.