0.03 விநாடியில் கிடைத்த பதக்கம்

சனிக்கிழமை மாலைகளில், புக்கிட் தெங்காவில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள திடலில் சில மாணவிகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். நான் பல்கலைக்கழக மாணவிதான். பயிற்றுநர் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு விசில் மட்டுமே உண்டு. அவர்களில் ஒருத்தி படிவம் நான்கு மாணவி, 800 மீட்டர் ஓடுபவள். நல்ல உயரம், சற்றுக் கனத்த குரல். அண்மையில் ஓடி முடித்து மூச்சு வாங்கியபடியே கேட்டாள்: "அக்கா, எனக்கும் அந்த டெஸ்ட் எடுப்பாங்களா? கிளாஸ்ல பையனுங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

உலகத் திடல்தடச் சம்மேளனம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திய மரபணுச் சோதனையைத்தான் கேட்கிறாள். உலகத் தரவரிசைக்குக் கணக்கிடப்படும் போட்டிகளில் பெண்கள் பிரிவில் களமிறங்குவோர், எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு தங்களுக்கு உண்டா என வாழ்நாளில் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அல்லது இரத்தம் எடுப்பார்கள். "உன் பள்ளிப் போட்டிக்கு அந்த விதி இல்லை" என்றேன். அவள் முகம் தெளியவில்லை. சாந்தியின் கதையைச் சொன்னேன்.

தமிழ்நாடு, புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனை 0.03 விநாடிதான் பின்தங்கினார். சில நாள்களில் 'பாலினச் சோதனையில் தேறவில்லை' என்று பதக்கம் பறிக்கப்பட்டது. மருத்துவருக்கும் அவருக்கும் இடையே இருக்க வேண்டிய விவரம் ஊடகச் செய்தியானது. பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர், ஊக்கமருந்து எதுவும் எடுக்காதவர். சில ஆண்டுகள் கழித்து அவரும் செங்கல் சூளையில் தினக்கூலி வேலை செய்தார்.

"அப்போ அவங்க திருநங்கையாக்கா?"

இல்லை. நம்மில் பலர் குழம்பும் இடம் இதுதான். ஆண் என்று பதிவாகிப் பிறந்து, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பிறப்பிலேயே குரோமோசோம் அல்லது ஹார்மோன் அமைப்பு வழக்கத்திலிருந்து மாறியிருப்பவரை இடைப்பால் என்கிறோம். தனக்கு அப்படி இருப்பது சோதிக்கும்வரை அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கையர் பெண்கள் பிரிவில் பங்கேற்க 2023 மார்ச்சில் சம்மேளனம் தடை விதித்தது. அப்போது அனைத்துலகத் திடல்தடப் போட்டிகளில் திருநங்கையர் எவரும் இல்லை என்று அதே சம்மேளனம்தான் சொன்னது. தடைக்கு ஒரு காரணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. 800 மீட்டரில் ஆண்களின் உலகச் சாதனை 1:40.91, பெண்களின் சாதனை 1:53.28. பெண்களுக்கெனத் தனிப் பிரிவு இல்லாவிட்டால் இறுதிச் சுற்றில் ஒரு பெண்ணைக்கூடப் பார்க்க முடியாது. அந்தப் பிரிவுக்கு எல்லை வேண்டும்தான். ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவரை எப்படி நடத்துகிறோம் என்பதும் விதியில் சேர்த்திதானே? ஆலோசனை, இரகசியம், மேல்முறையீடு ஆகியவை இல்லாத சோதனை, சோதனையே அல்ல, தண்டனை.

ஒடிசாவின் டூட்டி சந்துக்கு 2014இல் வயது 18. இயல்பாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு முன் அவரை நீக்கினார்கள். அவர் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். சான்று போதாது என்று 2015இல் மன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார். சாந்திக்காக யாரும் அந்த மன்றத்தின் படியேறவில்லை.

சாந்தி பின்னர் பயிற்றுநர் பட்டயம் பெற்றார். 2016இல் தமிழக அரசு அவரைத் தடகளப் பயிற்றுநராக நியமித்தது. பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

"ரெண்டு நிமிஷம் மூணா? என்னோடது ரெண்டு முப்பத்தொண்ணுக்கா" என்று சொல்லிவிட்டுத் தொடக்கக் கோட்டுக்கு நடந்தாள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன்களையும் திடலுக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.