குமிழை எவ்வளவு திறப்பது?

ஜவ்வாது மலையில் அன்று ஒருவருக்கு மூச்சு முட்டினால் டோலி கட்டித் தோள் மாற்றி அடிவாரத்துக்கு இறக்குவார்கள். ஆக்ஸிஜன் வேலூரிலோ திருவண்ணாமலையிலோதான். அங்கே உயிரோடு போய்ச் சேர்ந்தவருக்கு முகமூடி மாட்டி, குமிழை முழுக்கத் திறந்துவிடுவார்கள். பிராணவாயு கூடினால் கெடுதல் என்று அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

2008இல் தமிழகத்துக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. சாலை எட்டாத குக்கிராமங்களில் அதன் பிறகும் டோலி ஓயவில்லை. ஆனாலும் இப்போது ஆம்புலன்ஸில் சிலிண்டர் இருக்கிறது, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. மருத்துவ அறிவும் மாறியிருக்கிறது. 2018இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு, 25 ஆய்வுகளையும் சுமார் 16,000 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. தாராளமாக ஆக்ஸிஜன் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதல் என்றது. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அந்த அச்சத்தைத் தணித்தன. 2025இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 97 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 16,500 பேர். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் ஒரு சாராருக்கு ரத்த ஆக்ஸிஜனை 90 சதவீதத்தை ஒட்டியே வைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. 90 நாளில் இறந்தவர்கள் முதல் சாராரில் 35.4 சதவீதம், மற்றவர்களில் 34.9 சதவீதம். வித்தியாசம் இல்லை என்று முடித்தார்கள்.

நகரத்து மருத்துவமனைக்கு இது சாதாரணச் செய்தி. மலைக்கோ, இதைவிடப் பெரிய செய்தி இல்லை என்பேன். குறைத்துக் கொடுத்தும் இறப்பு கூடவில்லையே! பி வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 100 நிமிடம்தான்; கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வேலூர் சேர்வதற்குள் தீர்ந்துவிடலாம். 3 லிட்டரே போதுமான நோயாளிக்கு அதே சிலிண்டர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். 2021 மே மாதம் தமிழகமே ஆக்ஸிஜனுக்குத் தவித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் தெரியும்.

ஆனால் 90ஐ அப்படியே மலைக்குக் கொண்டுவரக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தத்தை எடுத்தே ஆக்ஸிஜனை அளந்து சரிபார்க்க முடியும். ஆம்புலன்ஸில் விரல் கருவி மட்டுமே. கருந்தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு என்று 2020இல் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதனால் நிலைமை கட்டுக்குள் வந்த பெரியவருக்கு 94ஐ ஒட்டி வைத்து, பார்த்துப் பார்த்துக் குமிழைத் திருப்புவதே சரியென்று நினைக்கிறேன். விஷப்புகை சுவாசித்தவர் என்றால் கணக்கே வேறு. அவருக்கு முழுக்கத் திறக்கத்தான் வேண்டும்.