முருகைக்கல்லை உழும் மீன்

நிலத்தை உழுபவன் கமக்காரன். கடலடியிலும் அத்தகைய வேலையைச் செய்யும் உயிரொன்று உண்டு. இந்து சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் வெப்பமான பகுதிகளில் வாழும் புடைதலைக் கிளிமீனே அது. கிளிமீன் இனங்கள் யாவற்றிலும் இதுவே பெரியது. ஏறக்குறைய 1.3 மீற்றர் நீளமும் 46 கிலோகிராம் நிறையும் வரை வளரக்கூடியது. நெற்றியிற் பெரும் புடைப்பும், கிளியின் அலகையொத்த பற்களும் உடையது.

உணவும் பயனும்

இம்மீன்கள் பகலிற் கூட்டமாகச் சென்று முருகைக்கல்லைக் கடித்து உண்ணும். தொண்டையிலுள்ள பற்கள் கல்லை அரைக்க, சத்து உடலிற் சேரும். எஞ்சியது வெண்மணலாக வெளியேறும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைக்கற் பாறைத்தொடரில் நடைபெற்ற ஆராய்ச்சியொன்று, ஒரு மீன் ஆண்டொன்றில் 5 தொன்னுக்கு மேற்பட்ட கல்லை அகற்றுகின்றதெனவும், அதில் ஏறக்குறைய பாதி உயிருள்ள முருகைக்கல் எனவும் கணித்தது. இதனாற் பாறைக்கு நட்டமே உண்டாகும் எனக் கருதலாகாது. விரைந்து வளர்ந்து ஏனையவற்றை மூடும் இனங்கள் இதனாற் கட்டுப்படும். வெறுமையான இடத்திற் புதிய முருகை உயிர்கள் பற்றி வளரும்.

மீன் குறைந்தமைக்குக் காரணம்

இம்மீன் 40 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆயினும் மெதுவாக வளர்ந்து, பல ஆண்டுகளின் பின்னரே இனம் பெருக்கும். இரவில் ஆழங்குறைந்த நீரிற் கூட்டமாக உறங்கும். சொலமன் தீவுகளில் 1970ஆம் ஆண்டுகளில் நீருக்கடியிற் பயன்படும் மின்சூள்கள் வந்தபின், உறங்கும் மீன்களை ஈட்டியாற் குத்திப் பிடித்தல் எளிதாயிற்று.

இரண்டாவது காரணம் நிலத்திலிருந்து வந்தது. இதன் இளமீன்கள் கரையோரக் களப்புகளிற் கிளைவிட்ட முருகைக்கற்களிடையே வளர்கின்றன. நெல்லுக்கு நாற்றுமேடை எவ்வாறோ, இம்மீனுக்கு அக்களப்புகள் அவ்வாறே. சொலமன் தீவுகளைச் சேர்ந்த கொலம்பங்கராவில் மரங்கள் பெருமளவில் தறிக்கப்பட்டன. மழை வெள்ளம் மண்ணை வாரிச்சென்று களப்பிற் படிவித்தது. மரந்தறித்தல் மிகுந்த இடங்களையடுத்த களப்புகளில் இளமீன்கள் குறைவாகவே காணப்பட்டன என 2017இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நாற்றுமேடை அழிந்தால் வயல் ஏது?

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

மேட்டுநிலத்து மண் ஓடையிலும் ஆற்றிலும் சென்று ஈற்றிற் கடலையே அடைகின்றது. கடலுக்கு அது சேறு. கமக்காரருக்கோ இழந்த பசளை. ஆதலால்:

1. சரிவான காணிகளிற் சமவுயரக் கோட்டின்வழி வரம்பும் கானும் அமைத்தல் வேண்டும்.

2. மரக்கறிப் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்து, வைக்கோல் அல்லது சருகினால் மூடுதல் நன்று.

3. ஓடைக்கரை மரங்களைத் தறித்தலாகாது.

இலங்கையில் மண்பாதுகாப்புச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. சட்டத்திற்காக மட்டுமன்றி, தம் விளைவுக்காகவும் மண்ணைக் காத்தல் கமக்காரர் கடனாகும். வரம்பு காத்த மண் வயலுக்கு உரமாகும். தொலைவிலுள்ள மீனுக்கும் வாழ்வாகும்.