உணராத அதிர்வும் உணர்ந்த அமைதியும்

2004 டிசெம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அதிர்வலைகள் சில நிமிடங்களில் 1,600 கிலோமீற்றர் கடந்து இலங்கையை அடைந்தன. தீவின் நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்து தாழ்ந்ததைக் கருவிகள் பதிந்தன. அசைவு மிக மெதுவாக இருந்ததால் பெரும்பாலானோருக்கு அது தெரியவே இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் ஆழிப்பேரலை திருகோணமலையின் கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளில் ஏறியது. காலடியில் நிகழ்ந்த மாபெரும் அதிர்வை நாம் உணரவில்லை. ஆனால் அங்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போய்வருபவர் “அங்கே நல்ல வைப்ரேஷன்” என்கிறார். அவர் உணர்ந்ததை எந்தக் கருவியும் பதிவதில்லை. அதிர்வு வேறு, உணர்வு வேறு. இரண்டுக்கும் வாழ்வில் இடம் உண்டு. ஒன்றை மற்றொன்றின் சான்றாகக் காட்டுவதுதான் பிழை.

அறிவியலில் அதிர்வு என்றால், ஒரு பொருள் தன் நிலையிலிருந்து விலகி மீண்டும் மீண்டும் அங்கே திரும்புவது. அதைச் சொல்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை தரவேண்டும்: எது அதிர்கிறது? செக்கனுக்கு எத்தனை முறை? எவ்வளவு விலகுகிறது? இரண்டாவதன் விடை மீடிறன் (அதன் அலகு ஹேர்ட்ஸ்), மூன்றாவதன் விடை வீச்சம். ஓர் எடுத்துக்காட்டு: திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு மிக அருகிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத் திமிங்கிலங்கள் கரையை அண்டி வருகின்றன. அவற்றின் பாட்டு நீண்டதொரு தொனியில் முடியும்; அதன் மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ நூறு. 1984இல் இக்கடலில் பதிவான ஒலியோடு பின்னாளைய பதிவுகளை ஒப்பிட்டபோது, அந்தத் தொனி தாழ்ந்துவருவது தெரிந்தது. எண்ணால் குறித்துவைத்ததால்தான் ஒரு தலைமுறை கழித்தும் அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ள முடிந்தது.

கோணேசர் கோயில் மணியோசை நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், மணியின் உலோகம் அதிர்கிறது, காற்று அதைக் கடத்துகிறது, உடல் ஏற்கிறது. அது முழுக்க அளக்கக்கூடிய அதிர்வு. ஆனால் மணி ஓய்ந்த பின்னும் நிலைக்கும் அமைதிக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம், போர்த்துக்கேயர் இடித்தும் மீண்டும் எழுந்த கோயில், கீழே செங்குத்தாக இறங்கும் பாறை, முன்னோர் வணங்கிய நினைவு, பக்கத்தில் கைகூப்பி நிற்கும் மனிதர்கள் எல்லாம் சேர்ந்தே அதைத் தருகின்றன. அந்த அமைதியை ஹேர்ட்ஸில் சொல்ல முடியாது என்பதால் அது பொய்யாகிவிடாது. அதற்கு ஹேர்ட்ஸ் தேவையில்லை.

அணுக்கள் எல்லாமே அதிர்கின்றன, ஆகவே எண்ணங்களும் அதிரும் என்பது இன்னொரு வாதம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூடும் நீர் மூலக்கூறுகளின் அசைவுதான். ஆனால் அந்த அசைவு ஒழுங்கற்றது. நீராடுபவரின் எண்ணத்துக்கேற்ப அது மாறுவதில்லை, வெப்பமானியில் தெரிகிறது. “பூமியின் மீடிறன் 7.83 ஹேர்ட்ஸ்” என்று சொல்லிக் காப்புகளும் கற்களும் விற்கிறார்கள். அந்த எண் உண்மையானது. ஆனால் மின்னல்கள் தரைக்கும் அயனமண்டலத்துக்கும் இடையே எழுப்பும் மின்காந்த அலைக்குரியது. திண்மப் பூமியின் மிக மெதுவான அதிர்வு ஒருமுறை நிகழ 54 நிமிடம் பிடிக்கும். 2004 நிலநடுக்கத்தின் பின் அந்த அதிர்வையும் கருவிகள் பதிவு செய்தன.

“வைப்ரேஷன்” என்பது சும்மா பேச்சுவழக்குத்தானே, யாருக்கு என்ன நட்டம் என்பார்கள். பேச்சில் எந்த நட்டமும் இல்லை. மனநிலையைச் சொல்ல அது நல்ல சொல். அந்தச் சொல்லுக்கு விலை போடும்போதும், மருந்துக்குப் பதிலாக அதைக் கொடுக்கும்போதும்தான் நட்டம் தொடங்குகிறது. அப்போது அந்த மூன்று கேள்விகளையும் கேட்கவேண்டும். விடை இல்லையென்றால் அது அறிவியல் அல்ல. இந்தக் கரைக்கு இந்தப் பாடம் மற்ற ஊர்களைவிட அவசரமானது. 2004இல் கருவி அறிந்ததை மக்களிடம் சேர்க்க இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அபாய ஒலி எழும்போது, “எனக்கு எதுவும் தெரியவில்லையே” என்று நிற்காமல் மேட்டுநிலம் நோக்கி நடக்க, நாம் உணராத அதிர்வும் உண்மையானது என்ற தெளிவு நமக்கு வேண்டும்.