பாகூர் மாணாக்கரும் ஆங்கில இலக்கணமும்

ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் காலத்தில், மூன்று கிராமங்களைத் தானமாகப் பெற்ற வித்தியாஸ்தானம் ஒன்று புதுச்சேரியை அடுத்த பாகூரில் விளங்கிற்று என்று செப்பேடுகள் கூறுகின்றன. கல்விக்கு இத்துணைப் பழமையான அந்தப் பூமியில் 1954-ஆம் ஆண்டு வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சியில் அரசாங்க பாஷையாகப் பிரெஞ்சே இருந்தது. இன்றோ பாகூர், வில்லியனூர் அரசுப் பள்ளி மாணாக்கர் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பயில்கின்றனர்.

ஆங்கிலம் எழுதுகையில் அவர்களை இடறச் செய்வதில், சொற்பஞ்சத்தைக் காட்டிலும், இரு பாஷைகளின் வாக்கிய அமைப்பிலுள்ள பேதமே பெரிது என்பது என் அபிப்பிராயம். தமிழில் வினை இறுதியில் நிற்கும், வேற்றுமையுருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வினை வந்துவிடும், 'இன்', 'டு' முதலியவை பெயருக்கு முன்னே நிற்கும். 'நேற்று வந்திருந்தேன்' என்று நாம் சகஜமாகச் சொல்லும் பழக்கத்தால், 'ஐ கேம் எஸ்டர்டே' என்று எழுத வேண்டிய இடத்தில் மாணாக்கன் 'ஐ ஹேட் கம் எஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறான். விதியை நெட்டுருச் செய்வதால் மட்டும் இது தீராது. புதிய சொல் ஒவ்வொன்றையும், ஏரி, நெல்வயல், பேருந்து நிலையம் ஆகிய தன் ஊர் விஷயங்களைக் குறித்த முழு வாக்கியத்தில் வைத்து, எழுதியும் உரக்கச் சொல்லியும் பழகுதல் வேண்டும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிழை நேர்ந்தால் கண்டிக்காமல், பிள்ளைகளைத் தினந்தோறும் சிறிது நேரம் ஆங்கிலத்தில் பேசவிடுங்கள்.