சொம்பு வேர்க்கும்... பானை? கம்ப்யூட்டருக்கு வீட்டிலேயே வாட்டர் சில்லர் செய்யப்போகிறீர்களா?

"அக்கா... சிபியு உள்ள தண்ணி நிக்குதுக்கா!"

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஊரிலிருந்து தம்பியின் போன். குரலே சரியில்லை.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலை அடிவாரம். கோமுகி அணையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இருக்கும் ஊர். தம்பிக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. அம்மா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர்தான் அவன் முதலாளி, தொழிலாளி எல்லாமே. மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முகூர்த்த சீசன் மூன்றும் சேர்ந்துகொள்ள, மின்விசிறி என்னதான் கத்தினாலும் மெஷின் திணறியது. இரண்டு மணி நேரத்தில் முடியவேண்டிய ரெண்டர் நான்கு மணி நேரம் இழுத்தது.

யூடியூபில் 'வீட்டிலேயே வாட்டர் சில்லர்' வீடியோ பார்த்தவன், ஒரு பக்கெட், ஏர் கூலருக்குப் போடும் 18 வாட் பம்ப், ஆன்லைனில் வாங்கிய இரண்டு வாட்டர் பிளாக், கொஞ்சம் டியூப் என்று சேர்த்து அவனே ஒன்று செய்துவிட்டான். முதல் நாள் பிரமாதமாக ஓடியது. இரண்டாம் நாள், 'இன்னும் சில்லுனு இருந்தா இன்னும் நல்லா ஓடும்ல' என்று மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து பக்கெட்டில் கொட்டினான். மூன்றாம் நாள் விடியலில்தான் அந்த போன்.

டியூப் எங்கும் ஓட்டை இல்லை. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. பிறகு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

நான் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, போனுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு வேர்க்காம என்னடா பண்ணும்?"

அம்மா ஒரே வரியில் சொன்னதைத்தான் நான் விசாரித்து, கணக்குப் போட்டு இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்கு வாட்டர் சில்லர் செய்யும் ஆசை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரலாம்.

தண்ணீர் எதற்கு?

கம்ப்யூட்டர் உறிஞ்சும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மும்முரமாக வேலை செய்தால் 300 வாட் சர்வசாதாரணம். ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற பெரிய கார்டு ஒன்றே 450 வாட் வரை இழுக்கும். இந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால், 95 - 100 டிகிரியை நெருங்கும்போது புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தம்பியின் ரெண்டர் இழுத்ததற்குக் காரணம் இதுதான்.

வெப்பத்தைச் சுமந்து செல்வதில் காற்றைவிடத் தண்ணீர் பெரிய கெட்டிக்காரன். ஒரே அளவு காற்றும் தண்ணீரும் எடுத்து ஒரு டிகிரி சூடாக்கினால், தண்ணீர் 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 1960-களிலேயே ஐ.பி.எம் தன் பெரிய கம்ப்யூட்டர்களைத் தண்ணீர் விட்டுக் குளிர்வித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-ல் நிறுவப்பட்ட 'பரம் பிரவேகா' சூப்பர் கம்ப்யூட்டரும் திரவக் குளிர்விப்பில் ஓடுவதுதான். ஆக, தம்பியின் யோசனையில் தப்பில்லை. தப்பு ஐஸில் இருந்தது.

பக்கெட்டும் ஐஸும்: ஒரு சின்னக் கணக்கு

பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீர். 300 வாட் சூடு அதில் இறங்கிக்கொண்டே இருந்தால், ஏறக்குறைய 23 நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் தண்ணீர் சூடாகும். வெறும் பக்கெட் சூட்டைச் சேர்த்துவைக்குமே தவிர, வெளியேற்றாது.

சரி, ஐஸ்? ஒரு கிலோ ஐஸ் உருக 3.34 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். 300 வாட் மெஷின் அதைப் பத்தொன்பது நிமிடத்துக்குள் கொடுத்துவிடும். அதாவது மணிக்கு மூன்று கிலோவுக்கும் மேல் ஐஸ் போட வேண்டும். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட்டினால், மீன் கடைக்காரர் உங்களை மொத்த வியாபாரியாகத்தான் பார்ப்பார்.

ஃபிரிட்ஜ், பெல்டியர், பழைய ஏசி

அடுத்த யோசனை, டியூபை ஃபிரிட்ஜுக்குள் விடுவது. ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்கத்தான் வீட்டு ஃபிரிட்ஜ். உள்ளே 300 வாட் ஹீட்டரை நாள் முழுக்க வைத்தால், கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் தோற்கும். சீக்கிரமே பழுதும் ஆகும்.

பெல்டியர் தகடு இன்னொன்று. கரன்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் கொதிக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ரகம் அதிகபட்சம் 50 - 60 வாட் வெப்பத்தை நகர்த்தும். அதற்கே ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தைத் தின்னும். 300 வாட்டுக்கு அரை டஜன் தகடு, அவற்றின் சூட்டை வெளியேற்ற இன்னொரு ஏற்பாடு என்று கதை நீளும்.

உண்மையில் வேலை செய்வது, பழைய விண்டோ ஏசி. அதன் குளிர்ச்சிச் சுருளை இன்சுலேஷன் செய்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறார்கள். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை அகற்றும் என்பதால் கம்ப்யூட்டர் அதற்கு ஜுஜுபி. ஆனால் சிக்கல்கள் உண்டு. சுருளை வளைக்கும்போது செம்புக் குழாய் விரிந்தால் கேஸ் வெளியேறும். புதிய ஏசிகளில் உள்ள ஆர்-32 ஓரளவு தீப்பற்றும். சில ஏசிகளில் உள்ள புரோப்பேன் எளிதில் தீப்பற்றும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஏசியின் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். ஏசி மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் செய்யும் வேலையே அல்ல இது.

கரன்ட் பில்லையும் பாருங்கள். ஒரு டன் பழைய ஏசி மணிக்கு சுமார் ஒரு யூனிட். தினமும் ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். அரசு தரும் இலவச யூனிட் எந்த மூலைக்கு?

சொம்பு ஏன் வேர்க்கிறது?

இதையெல்லாம் சமாளித்தாலும், தம்பியின் மதர்போர்டைக் கொன்ற எதிரி அப்படியே இருக்கிறான். அதன் பெயர் பனிநிலை.

காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது. ஒரு பொருள் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்தால், அதன்மேல் படும் நீராவி தண்ணீராக மாறி ஒட்டிக்கொள்ளும். அந்த எல்லைக்கோடுதான் பனிநிலை. விடியலில் கல்வராயன் மலைப் புல் மேல் பனித்துளி நிற்பதும் இப்படித்தான், ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பு வேர்ப்பதும் இப்படித்தான்.

அறை வெப்பநிலை 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவிகிதம் என்று வையுங்கள். பனிநிலை கிட்டத்தட்ட 26 டிகிரி. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவிகிதம் என்றால் 21 டிகிரிக்குச் சற்று மேல். ஐஸ் பக்கெட்டிலிருந்து வரும் தண்ணீரோ 5 டிகிரி, 10 டிகிரி. டியூப், வாட்டர் பிளாக் எல்லாம் வேர்த்துச் சொட்டத்தான் செய்யும். அது சொட்டும் இடம், கரன்ட் ஓடும் மதர்போர்டு.

வெந்நீரில் குளிரும் சூப்பர் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குச் சில்லென்ற தண்ணீர் தேவையே இல்லை. 80, 90 டிகிரியில் கொதிக்கும் சிப்புக்கு 30 டிகிரி தண்ணீரே குளிர்தான். ஜெர்மனியில் மியூனிக் அருகே கார்ஷிங்கில் 2012-ல் ஓடத் தொடங்கிய 'சூப்பர்மக்', அப்போது ஐரோப்பாவிலேயே வேகமான கம்ப்யூட்டர். அதைக் குளிர்வித்தது 45 டிகிரி வரையிலான வெந்நீர். சூடாகித் திரும்பிய தண்ணீரைக் குளிர்காலத்தில் கட்டடத்தைக் கதகதப்பாக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

நம் ஊரில் கட்டடத்தைக் கதகதப்பாக்க யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தண்ணீரைப் பனிநிலைக்குக் கீழே போகவிடாமல் குளிரவைக்க ஒரு வழி நம் வீட்டு மூலையிலேயே இருக்கிறது.

பானையின் எல்லை

மண்பானையும் வெளியே ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் அது வேர்வை அல்ல. சொம்பின் ஈரம் காற்றிலிருந்து வருவது. பானையின் ஈரம் உள்ளிருந்து கசிவது. கசிந்த தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டைக் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதைப்போல ஏழு மடங்கு! கணக்குப்படி, 300 வாட் சூட்டை அகற்ற மணிக்கு அரை லிட்டருக்கும் குறைவான தண்ணீர் ஆவியானால் போதும்.

இன்னொரு விசேஷம். ஆவியாதல் மூலம் குளிரும் தண்ணீர், தன்னைச் சுற்றியுள்ள காற்றின் பனிநிலைக்குக் கீழே போகவே முடியாது. இது இயற்பியல் விதி. 38 டிகிரி வெயில், 30 சதவிகித ஈரப்பதம் என்றால் அந்தத் தண்ணீர் அதிகபட்சம் 24 டிகிரி வரைதான் இறங்கும். அப்போது பனிநிலை 17 டிகிரிக்குச் சற்று மேல். டியூப் வேர்க்க வாய்ப்பில்லை.

ஒரு பானையின் பரப்பு 300 வாட்டுக்குப் பத்தாது. ஆனால் பழைய ஏர் கூலர் என்பது மின்விசிறி வைத்த பெரிய பானைதானே? சர்க்கரை ஆலைகளில் வெந்நீரைத் தூறலாகத் தெளித்துக் குளிரவைப்பதும் இதே வித்தைதான்.

தம்பியும் நானும் அடுத்து செய்தது இது:

* பழைய ஏர் கூலரை ஜன்னலுக்கு வெளியே, நிழலில் வைத்தோம். உள்ளே வைத்தால் அறையில் ஈரம் ஏறும்.

* கூலரின் தொட்டிக்குள் ஏசிக்குப் போடும் செம்புக் குழாய் 10 மீட்டரைச் சுருட்டி இறக்கினோம். கம்ப்யூட்டர் தண்ணீர் இந்தக் குழாய்க்குள் மட்டும் ஓடும். தொட்டித் தண்ணீரும் அதுவும் கலக்காது. எங்கள் போர் தண்ணீரின் உப்பும் பாசியும் வாட்டர் பிளாக்குக்குள் போனால் ஒரே மாதத்தில் அடைத்துவிடும்.

* உள்சுற்றுக்கு டிஸ்டில்டு வாட்டரும் அதற்கான கூலன்ட்டும். எல்லா உலோகமும் செம்பு, பித்தளை. நடுவில் அலுமினியம் வந்தால் அரிக்கும்.

* கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல், பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓட்டி, அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து ஒழுகல் பார்த்தோம்.

* எர்த் சரிபார்த்து, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி போட எலெக்ட்ரீஷியனை அழைத்தோம்.

* தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுகிறோம். டெங்கு கொசுவுக்கு ஏர் கூலர் தொட்டி பிடித்தமான இடம்.

ஒரு மதியம் வெளியே 38 டிகிரி அடித்தபோது தொட்டியில் தெர்மாமீட்டர் 28 காட்டியது. 95-ஐத் தொட்டுத் திணறிய புராசஸர் 70-ஐ ஒட்டி நின்றது. கூலர் சாப்பிடுவது சுமார் 150 வாட். அதே ஐந்து மணி நேரக் கணக்குக்கு இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் கூடினால் கூலர் அவ்வளவு குளிர்விக்காது. ஆனால் அப்போது வெயிலும் இருக்காது.

அதற்கு முன்னால்...

உங்கள் கம்ப்யூட்டர் ஆன்லைன் வகுப்புக்கும் அலுவலக வேலைக்கும்தான் என்றால் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். உள்ளே படிந்த தூசியை ஊதி எடுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். சுவரோடு ஒட்டிய சிபியுவை ஒரு சாண் தள்ளி வையுங்கள். சூட்டுப் பிரச்னை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். தம்பியின் மெஷினைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடித் தூசி இருந்தது. முதலில் அதைத் துடைத்திருந்தால் பாதிப் பிரச்னை அன்றே போயிருக்கும்.

மதர்போர்டு போனது போனதுதான். புதிதாக வாங்க இரண்டு மாத வருமானம் கரைந்தது. நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் தப்பித்ததால் கல்யாண வீடியோ நான்கு நாள் தாமதத்தோடு போய்ச் சேர்ந்தது. பொண்ணு வீட்டார் திட்டினார்கள். பிறகு வீடியோவைப் பார்த்துவிட்டு, வளைகாப்புக்கும் இவனையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது யாராவது தம்பியிடம், "ஐஸ் போடலாமாப்பா?" என்று கேட்டால், அவன் பதில் சொல்வதில்லை. அம்மாவிடம் ஒரு சொம்பு ஐஸ் தண்ணீர் வாங்கி, அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறான்.