பாய்மரப் படகின் டிங்கிக்கு மின்சார மோட்டார் தேர்ந்தெடுத்தல்

உல்லாசப் பயணம் செல்லும் பாய்மரப் படகுகள் பல நேரங்களில் கரையை ஒட்டி வராமல், சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் குடிநீர், காய்கறி முதலியவற்றையும் ஏற்றி இறக்கப் பயன்படும் சிறு துணைப்படகு டிங்கி எனப்படும். பெரும்பாலும் இது 2 முதல் 3 மீட்டர் நீளமுள்ள, காற்றடைக்கும் படகாக இருக்கும். இதன் பின்புறப் பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய இயந்திரமே அவுட்போர்டு மோட்டார் ஆகும்.

மின்சார அவுட்போர்டு புதிய எண்ணமன்று. குஸ்தாவ் துரூவே என்பவர் 1881-இல் பாரிஸின் சேன் ஆற்றிலேயே மின்மோட்டாரால் படகு ஓட்டிக் காட்டினார். ஆனால் அக்காலப் பேட்டரிகளின் எடை காரணமாகப் பெட்ரோல் இயந்திரம் முந்திக்கொண்டது. லித்தியம் பேட்டரி வந்தபிறகே நிலைமை மாறியது. 2005-இல் ஜெர்மனியின் ஸ்டார்ன்பெர்க்கில் தொடங்கப்பட்ட டார்கீடோ, பின்னர் ஹாங்காங்கில் தோன்றிய ஈப்ரொபல்ஷன் ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட நிறுவனங்கள்.

பெட்ரோலைத் தவிர்க்க நல்ல காரணம் உண்டு. பாய்மரப் படகின் உள் இயந்திரம் பொதுவாக டீசலில் ஓடுவது. டிங்கிக்காக மட்டும் பெட்ரோல் ஏற்றினால், காற்றைவிடக் கனமான அதன் ஆவி படகின் அடித்தளத்தில் தேங்கி, ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடும். எனினும் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9,000 வாட்-மணி ஆற்றல் உள்ளது. டிங்கி மோட்டாரின் பேட்டரியில் இருப்பதோ ஏறத்தாழ 1,000 வாட்-மணிதான். பெட்ரோல் இயந்திரம் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கினாலும், தொலைதூர ஓட்டத்தில் அதுவே வெல்லும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது குதிரைத்திறனை அன்று, வாட்-மணியைத்தான். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அப்படியிருக்க, 1,000 வாட் மோட்டாரை "3 குதிரைத்திறனுக்கு இணை" என்று விளம்பரப்படுத்துவது வாங்குபவரைக் குழப்பும். பெரிய சுழலியை மெதுவாகச் சுற்றுவதால் உந்துதல் கூடுகிறது என்பதே அதன் உட்பொருள். வேகமும் அதே அளவுக்குக் கூடும் என்று எண்ணக்கூடாது. டிங்கியை நீர்ப்பரப்பின் மேல் எழும்பிச் சறுக்கும்படி ஓட்ட விரும்புவோருக்கு 1,000 வாட் போதாது.

மெதுவாகச் செல்லும் சிறு படகு, தான் எழுப்பும் அலையைத் தானே தாண்ட இயலாது. வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும் தேவைப்படும் ஆற்றல் பல மடங்காகும். இருவர் அமர்ந்த டிங்கி, காற்றில்லாத நீரில் 1,000 வாட்டில் மணிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. செல்லும் என்று கொள்வோம். 1,000 வாட்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீரும். கடந்த தொலைவு 8 கி.மீ. அதையே 250 வாட்டில் ஓட்டினால் வேகம் மணிக்கு 5 கி.மீ. அளவில் இருக்கும். ஆனால் நான்கு மணி நேரம் ஓடி, 20 கி.மீ. கடக்கும்.

இக்கணக்கில் எதிர்நீரோட்டத்தையும் சேர்க்க வேண்டும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் செல்லும் டிங்கியை 2 கி.மீ. வேக நீரோட்டம் எதிர்த்தால், ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடத்திற்குப் பதில் 20 நிமிடமாகும். மின்செலவும் 50 வாட்-மணியிலிருந்து 83 ஆகும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் இன்னும் கூடும். மாலையில் கரையிலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசும்போது பேட்டரி தீர்ந்தால், எடை குறைந்த டிங்கி கடலுக்குள் தள்ளப்படும். அதனைத் துடுப்பால் மட்டும் மீட்பது கடினம். எனவே ஒருநாள் தேவையைக் கணக்கிட்டு, அதற்குமேல் மூன்றில் ஒரு பங்காவது மீதமிருக்கும் பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துடுப்பும் சிறு நங்கூரமும் டிங்கியில் எப்போதும் இருக்க வேண்டும்.

அடுத்தது மின்னேற்றம். வாங்குவோர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். 1,000 வாட்-மணியை நிரப்ப, தாய்ப்படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இழப்பைச் சேர்க்காமலே 83 ஆம்பியர்-மணி எடுக்க வேண்டும். 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்குத் தருவது 400 முதல் 500 வாட்-மணி வரைதான். குளிர்பெட்டி, விளக்கு ஆகியவற்றின் தேவையும் அதிலிருந்தே கழிய வேண்டும்.

ஆடும் டிங்கியிலிருந்து மோட்டாரைத் தூக்கித் தாய்ப்படகில் ஏற்றவேண்டியிருப்பதால், பேட்டரி தனியே கழன்று வரும் அமைப்பு வசதியானது. நீரில் விழுந்தால் மிதக்கும் பேட்டரிகளும் உள்ளன. மோட்டார்த் தண்டின் நீளம் பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். இல்லையெனில் சுழலி காற்றை உறிஞ்சி வீணே சுற்றும். நன்னீரில் மீன்பிடிக்கவென விற்கப்படும் மலிவான மோட்டார்கள் உப்பு நீரில் விரைவில் அரிக்கப்படும்.

விமானத்தில் எடுத்துச்செல்ல நினைப்போர் கவனிக்க வேண்டிய விதியும் உண்டு: 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி பயணிகளின் பெட்டிகளில் அனுமதிக்கப்படுவதில்லை. மோட்டாரைக் கொண்டுசெல்லலாம், பேட்டரியைச் சரக்காகத் தனியே அனுப்ப வேண்டும்.